இருபது வருடம் கழித்து மறுபடியும் பெரிய மாடல் விமானம்: வட சென்னை வீட்டில் கட்ட ஒரு முழு வழிகாட்டி

பெரம்பூரில் எங்கள் வீட்டுப் பரண்மேல் இருபத்தொரு வருடம் ஒரு இறக்கை கிடந்தது. 1.6 மீட்டர் நீளம், பால்சா என்ற இலகு மரத்தில் ரிப்புகள் (இறக்கையின் விலா எலும்புகள்), மேலே பட்டுத்துணி ஒட்டி, அதை இறுக்கும் டோப் என்ற வார்னிஷ் பூசியது. கல்லூரியில் என்.சி.சி. விமானப் பிரிவில் கம்பி பிடித்துச் சுற்றிவிடும் கன்ட்ரோல் லைன் விமானத்தில் ஆரம்பித்தவன் நான். அப்புறம் ரேடியோவுக்கு மாறினேன். வேலை, கல்யாணம், பிள்ளைகள் என்று வந்ததும் கடைசி விமானத்தைப் பரணில் ஏற்றினேன். மூன்று வருடத்துக்கு முன் அதை இறக்கி, இரண்டு முனையையும் பிடித்து லேசாக வளைத்தேன். நடுவில் ‘டிக்’ என்று ஒரு சத்தம். துணியைக் கிழித்துப் பார்த்தால் மரம் நன்றாக இருக்கிறது. பசைதான் காய்ந்த வெல்லப்பாகு மாதிரி பொடிந்து உதிர்கிறது.

இந்தக் கலைக்குத் திரும்பி வரும் யாருக்கும் நிலைமை ஏறக்குறைய இதுதான். மரவேலை கையில் இருக்கிறது, இரண்டு வாரத்தில் திரும்பிவிடும். ரேடியோ, பேட்டரி, பெட்ரோல், சட்டம் இந்த நான்கும் நாம் போன பிறகு மொத்தமாக மாறிவிட்டன. அவற்றைப் புதிதாகச் சேர்ந்த மாணவன் போலக் கற்க வேண்டும். எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று பிரித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

பெரிய மாடல் என்றால் எவ்வளவு பெரிது? பல நாடுகளில் புழங்கும் கணக்குப்படி, ஒற்றை இறக்கை விமானமானால் இறக்கை விரிவு 80 அங்குலம், அதாவது 2 மீட்டருக்குச் சற்று மேல். இரட்டை இறக்கையானால் 60 அங்குலம். அல்லது அசலில் நான்கில் ஒரு பங்கு. நம் வயதுக்கு இந்த அளவு பொருத்தமானது என்றே சொல்வேன். பெரிய விமானம் காற்றில் நிதானமாகப் போகும், தூரத்திலும் கண்ணுக்குத் தெரியும்.

முதலில் பரணைக் காலி செய்யுங்கள்

பழைய பொருள்களை மூன்று குவியலாகப் பிரியுங்கள்.

தூக்கிப் போட வேண்டியவை: நிக்கல் காட்மியம் பேட்டரிகள் (வீட்டுக் குப்பையில் சேர்க்காமல் மின்கழிவு வாங்குபவரிடம் கொடுங்கள்), ரப்பர் குழாய்கள், இறுகிப்போன எரிபொருள் டேங்கின் உள்குழாய், பச்சை படிந்த சர்வோ ஒயர்கள் (இறக்கை, வால் மடிப்புகளை அசைக்கும் சின்ன மோட்டார்தான் சர்வோ). வட சென்னையின் உப்புக் காற்று செம்பை விட்டுவைக்காது. கனெக்டர் வெளியே பளபளவென்று இருக்கும், பிளாஸ்டிக் உறையைச் சீவினால் உள்ளே கறுத்திருக்கும். கிரிஸ்டல் மாற்றி அலைவரிசை மாற்றும் பழைய ரேடியோவும் இந்தக் குவியல்தான். மனசு கேட்காவிட்டால் அலமாரியில் வையுங்கள், விமானத்தில் வைக்காதீர்கள்.

வைத்துக்கொள்ள வேண்டியவை: கத்திகள், ரம்பங்கள், சாண்டிங் கட்டைகள், பிளேன், கிளாம்ப், வரைபடங்கள், பழைய பத்திரிகைகள். என்னிடம் இருக்கும் பத்திரிகைகளில் சில 1985-இல் எரிந்துபோன பழைய மூர் மார்க்கெட்டில் வாங்கியவை. கட்டுமான விவரங்களுக்கு இன்றைக்கும் அவற்றைத்தான் புரட்டுகிறேன்.

மூன்றாவது குவியல் சந்தேகத்துக்குரியவை. மெத்தனால் இன்ஜின் இறுகியிருந்தால் கோபத்தில் பிளையர் போட்டுத் திருப்பாதீர்கள். எரிபொருளில் கலந்திருந்த ஆமணக்கெண்ணெய் காய்ந்து வார்னிஷ் ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். ஹேர் டிரையரில் சூடாக்கி, ஆறவிட்டு, மெத்தனாலில் ஓர் இரவு ஊறவைத்து, மறுபடி சூடாக்கினால் இளகும். சுற்றும்போது நறநறவென்று சத்தம் வந்தால் பேரிங் துருப்பிடித்துவிட்டது, மாற்றிவிடுங்கள்.

பழைய பால்சா பலகை பூஞ்சணமும் கரையானும் இல்லாமல் இருந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம். பழைய பசை போட்ட எந்த இணைப்பையும் பறக்கவிடாதீர்கள்.

விரல்களைப் பழக்குங்கள்

கட்ட ஆரம்பிக்கும் முன்பே இதைத் தொடங்கிவிடுங்கள், இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நடக்கட்டும். இன்றைய டிரான்ஸ்மிட்டரை யு.எஸ்.பி. ஒயரில் கணினியோடு இணைத்து சிமுலேட்டரில் பறக்கவிடலாம். நம் காலத்தில் இல்லாத வரம் இது. தினமும் இருபது நிமிடம், இரண்டு மாதம். விமானம் நம்மை நோக்கி வரும்போது இடது வலது மாறுமே, அந்த ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்யுங்கள். பிறகு 1.2 மீட்டர் அளவில் ஒரு ஃபோம் பயிற்சி விமானம் வாங்கி, முப்பது நாற்பது முறையாவது இறக்கிப் பழகுங்கள். கண் பரிசோதனையும் இப்போதே செய்துகொள்ளுங்கள். தூரப் பார்வைக்கு மட்டும் தனியாக ஒரு கண்ணாடி போட்டபின் எனக்கு 200 மீட்டரில் விமானத்தின் சாய்வு தெளிவாகத் தெரிந்தது.

படிக்கட்டை அளந்துவிட்டு விமானத்தைத் தேர்ந்தெடுங்கள்

வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கத்து வீடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டரை அடி அகலப் படிக்கட்டு, நடுவில் ஒரு திருப்பம், மேலே மொட்டை மாடி அறை. அந்தத் திருப்பத்தில் எவ்வளவு நீளமான பொருள் திரும்பும்? ஊகிக்காதீர்கள். வீட்டில் இருக்கும் பி.வி.சி. குழாயில் ஒரு துண்டை வெட்டி நீங்களே ஏறி இறங்கிப் பாருங்கள். எங்கள் வீட்டில் 1.7 மீட்டர் திரும்பியது, 1.9 இடித்தது. ஆக, உடல் 1.7 மீட்டருக்குள் இருக்க வேண்டும், இறக்கை நடுவில் குழாய் போட்டு இரண்டாகக் கழற்றும்படி இருக்க வேண்டும். விமானத்தின் அளவை முடிவு செய்தது படிக்கட்டுதான்.

எந்த விமானம்? முதல் முறைக்கு உயர் இறக்கை, நிலையான சக்கரம், எளிய வடிவம். உலகம் முழுக்க பைப்பர் ஜே-3 கப் கட்டுகிறார்கள். அசலின் இறக்கை 10.7 மீட்டர், கால் பங்கில் 2.7 மீட்டர் வரும். நல்ல தேர்வுதான். நான் சிபாரிசு செய்வது நம்முடைய புஷ்பக். ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் செய்த இரண்டு இருக்கை விமானம், முதலில் பறந்தது 1958-இல். நாடெங்கும் விமானப் பயிற்சிக் கழகங்களில் ஒரு தலைமுறையே அதில்தான் ஓட்டக் கற்றது. அசல் இறக்கை 36 அடி, கால் பங்கில் 9 அடி, அதாவது 2.74 மீட்டர். உடல் ஏறக்குறைய 1.6 மீட்டர், படிக்கட்டில் திரும்பிவிடும். இறக்கையும் உடலும் துணி போர்த்திய விமானம் என்பதால் நம் கட்டுமான முறையில் இயல்பாக வரும்.

ஒரு கணக்கை மனத்தில் வையுங்கள். கால் பங்கு என்றால் நீளம் நான்கில் ஒன்று, இறக்கைப் பரப்பு பதினாறில் ஒன்று, எடை அறுபத்து நான்கில் ஒன்று. புஷ்பக்குக்கு மாடல் இறக்கைப் பரப்பு சுமார் ஒரு சதுர மீட்டர். முடித்த எடை 8 கிலோவைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் மென்மையாக இறங்கும். 8 கிலோ என்று சுவரில் எழுதி ஒட்டுங்கள். பூசும் ஒவ்வொரு சொட்டுப் பசையும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

வரைபடமும் வெட்டும்

வரைபடத்தைப் பெரிய தாள் பிரிண்ட் எடுக்கும் கடையில் எடுத்தவுடன், அங்கேயே நின்று ஸ்கேல் வைத்து, இறக்கையின் முதுகெலும்பான ஸ்பாரின் நீளத்தை அளந்து பாருங்கள். ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்ற அமைப்பில் அடித்துவிட்டால் இரண்டு சதவீதம் சுருங்கிவிடும், இறக்கை உடலோடு சேராது. ரிப்புகளையும், உடலுக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டங்களான ஃபார்மர்களையும் கையால் அறுக்கலாம். இப்போது அக்ரிலிக் பெயர்ப்பலகை செய்யும் கடைகளில் லேசர் வெட்டு இருக்கிறது. கோப்பைக் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் 3 மி.மீ. ப்ளைவுட் வெட்டிக் கொடுப்பார்கள். முதலில் ஒரு ரிப்பை மட்டும் வெட்டச் சொல்லிப் பொருத்திப் பாருங்கள்.

வெளிநாட்டிலிருந்து முழு விமானமாகவோ கிட்டாகவோ வரவழைக்கும் எண்ணம் இருந்தால் கவனம். 2022 பிப்ரவரியில் முழு ட்ரோன்களையும், பிரித்து அனுப்பும் தொகுப்புகளையும் இறக்குமதி செய்யத் தடை வந்தது. சுங்கத்தில் பெட்டி மாட்டிக்கொண்டால் விளக்கம் சொல்லியே ஓய்ந்துவிடுவோம். உதிரி பாகங்களுக்கு அந்தத் தடை இல்லை. மரத்திலிருந்து நாமே கட்டுவதற்கு இது இன்னொரு காரணம்.

மரம், பசை

பால்சாவைக் கடையில் எடைபோட்டு வாங்குங்கள். சின்ன டிஜிட்டல் தராசு சட்டைப் பையில் இருக்கட்டும். 1 மீட்டர் நீளம், 10 செ.மீ. அகலம், 3 மி.மீ. கனம் உள்ள பலகை 30 கிராம் இருந்தால் இலகு ரகம். ரிப்புக்கும் வாலுக்கும் அது. 48 கிராம் இருந்தால் கடினம், உடலின் முன்பகுதிக்கு. பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும். வால் பகுதியில் கூடும் ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் இரண்டு மூன்று கிராம் ஈயம் வைக்க நேரும். அதனால் இலகுவானது எல்லாம் பின்னால் போகட்டும்.

ஸ்பாருக்கு பால்சா போதாது. துறைமுகத்துக்கு இயந்திரங்கள் வரும் பைன் மரப் பெட்டிகளைப் பிரித்து, பழைய மரக் கடைகளில் விற்பார்கள். முடிச்சு இல்லாமல், இழை நேராக ஓடும் பலகையாகப் பொறுக்கி, பட்டறையில் 10 × 6 மி.மீ. குச்சியாக அறுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு குச்சியையும் வளைத்து, ஒரே மாதிரி வளைபவற்றை இடது, வலது என்று ஜோடி சேருங்கள். வெளிநாட்டு ஸ்ப்ரூஸுக்கு இது எந்த விதத்திலும் குறைவில்லை என்பது என் அனுபவம்.

பசையில் நான் மூன்றோடு நிறுத்திக்கொள்கிறேன். பால்சாவோடு பால்சா சேர வெள்ளைப் பசை, மெல்லிய பூச்சு, இரவு முழுக்கக் கிளாம்ப். இன்ஜின் தாங்கும் ஃபயர்வால், சக்கரக் கம்பி பொருந்தும் இடம், இறக்கைக் குழாய் இவற்றுக்கு மெதுவாக இறுகும் ஆரல்டைட். ஐந்து நிமிட ரகம் அங்கே வேண்டாம். தற்காலிகமாகப் பிடித்துவைக்க மட்டும் ஃபெவிக்விக் வகை. நம் ஈரக் காற்றில் அது சட்டென்று இறுகி, கண்ணாடி மாதிரி உடையும். ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்களில் இறக்கையை ஒட்டினால் ஈரம் குடித்த மரம் தை மாதத்தில் காய்ந்து முறுக்கிக்கொள்ளும். மழைக்காலத்தில் உலோக வேலை, ஒயர் வேலை, சின்ன பாகங்கள். இறக்கைக்கு ஜனவரிக்கு மேல்.

துணி போர்த்துவது

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. இறக்குமதி ஒட்டுத்துணி விலை அதிகம். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் லைனிங் துணி இருக்கும்போது நமக்கென்ன கவலை?

தேவையானது நூறு சதவீத பாலியெஸ்டர், நெருக்கமான நெசவு, சதுர மீட்டருக்கு 60 கிராமுக்குள். கடையில் கேட்டபோது அங்கிருந்த தம்பி, “பிளவுஸுக்கா, சுடிதாருக்கா சார்?” என்றார். “ஏரோப்ளேனுக்குப்பா” என்றேன். அவருக்கு ஆர்வம் வந்து, நான்கு ரகத்திலிருந்தும் ஒரு நூல் உருவி, தீக்குச்சி கொளுத்தி அவரே காட்டினார். பருத்தி கலந்தது தாள் மாதிரி எரிந்து சாம்பலானது. சுத்த பாலியெஸ்டர் சுருங்கி, உருகி, நுனியில் கடுகளவு கறுப்பு மணியாக நின்றது. அந்த மணி நிற்கும் துணிதான் வேண்டும், ஏனென்றால் சூட்டில் சுருங்கும் குணம் அதற்குத்தான் உண்டு.

மரச்சட்டத்தின் ஓரங்களில், துணி தொடும் இடங்களில் எல்லாம், தின்னர் கலந்து நீர்க்கவைத்த ரப்பர் பசையை இரண்டு முறை பூசிக் காயவிடுங்கள். ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு பூசுங்கள், அடுப்பு பக்கத்தில் இருக்கக் கூடாது. காய்ந்த பிறகு துணியை விரித்து, இஸ்திரிப் பெட்டியை சில்க் சூட்டில் வைத்து ஓரங்களில் மட்டும் அழுத்தினால் பசை இளகிப் பிடித்துக்கொள்ளும். நான்கு பக்கமும் பிடித்தபின் நடுவில் பெட்டியை மெல்ல இழுங்கள். சுருக்கங்கள் கண்ணெதிரே மறையும். இடதும் வலதும், மேலும் கீழும் மாறி மாறிச் சூடு கொடுங்கள். ஒரே பக்கம் இழுத்தால் இறக்கை முறுக்கும். விரலால் சுண்டினால் தப்பு மேளம் மாதிரி ஒலிக்க வேண்டும். பிறகு மரச்சாமான் பாலிஷ் கடையில் கிடைக்கும் என்.சி. கிளியர் லாக்கர் இரண்டு மெல்லிய கோட். லாக்கரில் சில சொட்டு ஆமணக்கெண்ணெய் விட்டால் நாளாவட்டத்தில் விரிசல் விடாது. பெயின்ட் கடைசியில், எவ்வளவு குறைவாக முடியுமோ அவ்வளவு.

கௌல் செய்யக் காசிமேடு

மூக்கு மூடியான கௌலை ஃபைபரில் செய்ய வேண்டும். காசிமேட்டில் ஃபைபர் படகு பழுது பார்ப்பவர்களை ஒரு மணி நேரம் பக்கத்தில் நின்று பாருங்கள், எந்தப் பாடமும் அதற்கு ஈடாகாது. அச்சில் மெழுகு ஏற்றுவது, மூலையில் காற்றுக் குமிழை பிரஷ்ஷால் குத்தி வெளியேற்றுவது எல்லாம் அங்கே கற்றதுதான். ஆனால் அவர்கள் போடும் பாய் நமக்கு மிகக் கனம், நமக்கு சதுர மீட்டருக்கு 50 முதல் 100 கிராம் நெய்த கண்ணாடித் துணி இரண்டு மூன்று அடுக்கு போதும். அவர்களுடைய பாலியெஸ்டர் ரெசின் தெர்மாகோல்மேல் பட்டால் அதைக் கரைத்துவிடும். தெர்மாகோல் அச்சில் செய்வதானால் எபாக்ஸி ரெசின் மட்டுமே.

இன்ஜின்

8 கிலோ புஷ்பக்குக்கு 30 முதல் 35 சிசி பெட்ரோல் இரண்டு ஸ்ட்ரோக் சரியாக இருக்கும், 18 × 10 அல்லது 20 × 8 ப்ரொப்பெல்லர் (விட்டமும் பிட்ச்சும், அங்குலத்தில்). மாடியில் ஓட்டிப் பார்க்கும் சத்தம் அக்கம்பக்கத்துக்கு ஆகாது என்றால் மின் மோட்டார். கிலோவுக்கு 200 வாட் கணக்கு, மொத்தம் 1,600 வாட்.

பெட்ரோல் பக்கம் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இப்போது பங்கில் கிடைப்பது பெரும்பாலும் இருபது சதவீதம் எத்தனால் கலந்தது. அது காற்றிலிருந்து ஈரம் இழுக்கும், கார்புரேட்டரின் மெல்லிய டயஃப்ரம் விறைத்துப்போகும். தேவைக்கு மட்டும் வாங்கி, நல்ல இரண்டு ஸ்ட்ரோக் எண்ணெயை இன்ஜின் தயாரிப்பாளர் சொன்ன விகிதத்தில் கலந்து, அன்றே தீர்த்துவிடுங்கள். டேங்கில் விட்டுவிட்டு ஒரு மாதம் கழித்து வராதீர்கள்.

மெத்தனால் இன்ஜினை விரலால் சுண்டிக் கிளப்பிய பழக்கத்தை அடியோடு விடுங்கள். இந்த ப்ரொப்பெல்லர் விரலைத் துண்டித்துவிடும். தடித்த தோல் கையுறையோ மின் ஸ்டார்ட்டரோ வேண்டும். வாலை ஒருவர் பிடித்திருக்க வேண்டும், இக்னிஷனைத் தனியாக நிறுத்தும் சுவிட்ச் வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் அன்றைக்குக் கிளப்பாதீர்கள்.

ரேடியோவும் மின்சாரமும்

செலவில் கை சுருக்கக் கூடாத இடம். இன்றைய ரேடியோக்கள் 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குபவை. இந்த அலைவரிசைக்கு இந்தியாவில் 2005-லேயே உரிமம் தேவையில்லை என்றாகிவிட்டது. ஒருவர் அலைவரிசையில் இன்னொருவர் நுழைந்து விமானம் விழுவது என்ற பழைய பயம் இல்லை.

பழைய சாதாரண சர்வோ 3 கிலோ-செ.மீ. விசை கொடுத்தது. இந்த அளவு விமானத்துக்கு எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடிப்பு), ரட்டர் (இடது வலது திருப்பும் வால் மடிப்பு), ஏலரான் (சாய்க்கும் இறக்கை மடிப்பு) எல்லாவற்றுக்கும் 10 முதல் 15 கிலோ-செ.மீ., உலோகப் பல்சக்கரத்தோடு. எலிவேட்டரின் இரண்டு பாதிக்கும் தனித்தனி சர்வோ. ரிசீவருக்கு இரண்டு பேட்டரி, இரண்டு சுவிட்ச். ஒன்று செத்தாலும் மற்றது வீடு கொண்டுவந்து சேர்க்கும். லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி உங்களுக்குப் புதிதாக இருந்தால் இதை மட்டும் நினைவில் வையுங்கள்: முழுச் சார்ஜில் செல்லுக்கு 4.2 வோல்ட், சும்மா வைக்கும்போது 3.8. உப்பியதை மேற்கொண்டு பயன்படுத்தாதீர்கள். சார்ஜ் ஆகும்போது தூங்கப் போகாதீர்கள்.

சிக்னல் போனால் என்ன ஆக வேண்டும் என்பதை ஃபெயில்சேஃபில் நீங்களே அமையுங்கள்: இன்ஜின் ஐடிலுக்குப் போகவோ நிற்கவோ வேண்டும். டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

உப்புப் பாக்கெட் சோதனை

இறக்கையை நம்பலாமா என்று தெரிய, இரண்டு பாதியையும் குழாயில் சேர்த்து, தலைகீழாகத் திருப்பி, உடல் சேரும் நடு இடத்தில் மட்டும் தாங்கு கொடுங்கள். உடலிலிருந்து இறக்கையைத் தாங்கும் ஸ்ட்ரட் கம்பிகள் உள்ள இறக்கையானால் அவற்றையும் மாட்டியே செய்யுங்கள். ஒரு கிலோ கல் உப்புப் பாக்கெட்டுகளை வேர் பகுதியிலிருந்து முனை வரை பரப்பி அடுக்குங்கள், பக்கத்துக்குப் பதினாறு. 8 கிலோ விமானத்துக்கு இது எடையைப் போல் நான்கு மடங்கு. பத்தாவது பாக்கெட்டில் முனை வளைவது கண்ணுக்குத் தெரியும், பயப்பட வேண்டாம். கேட்க வேண்டியது சத்தத்தை. முறிவுச் சத்தம் இல்லாமல், எடுத்தவுடன் நேராகத் திரும்பினால் அந்த இறக்கையை நம்பலாம்.

எடை மையம் இறக்கை அகலத்தில் முன்விளிம்பிலிருந்து 25 முதல் 30 சதவீதத்துக்குள். முதல் பறப்புக்கு 25 பக்கமே இருக்கட்டும். மூக்கு கனமான விமானம் சோம்பேறியாகப் பறக்கும், வால் கனமானது விழும்.

எங்கே, எப்போது

ட்ரோன் விதிகள் 2021 நமக்கும் பொருந்தும். 25 கிலோவுக்குள், பொழுதுபோக்கு அல்லது கல்விக்காக, கண் பார்வைக்குள் பறப்பதை அது மாடல் விமானம் என்று தனியாக வகுக்கிறது. வகைச் சான்றிதழ் தேவையில்லை. வான்வெளி வரைபடத்தைப் பார்ப்பது நம் கடமை. முன்அனுமதி தேவையில்லாத பச்சை மண்டலத்தில் 400 அடி வரை. பதிவு பற்றி விமானப் போக்குவரத்து இயக்ககத்தின் (டி.ஜி.சி.ஏ.) தளத்தில் அன்றைய நிலையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வட சென்னைக்குள் இடம் தேட வேண்டாம். துறைமுகங்கள், மணலி சுத்திகரிப்பு ஆலை, எண்ணூர் அனல்மின் நிலையங்கள், எங்கு பார்த்தாலும் உயர் அழுத்த மின்கம்பிகள். சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர் கால ஓடுதளம் உண்டு, பிறகு கார் பந்தயம் நடந்த அதே இடம். அது பாதுகாப்புத் துறையின் பொறுப்பில் உள்ளது, நமக்கில்லை. திருவள்ளூர் பக்கம் அறுவடை முடிந்த வயல், வற்றிய ஏரிப் படுகை என்று பார்த்து, நிலத்துக்குரியவரிடம் நேரில் கேட்டு, காவல் நிலையத்திலும் சொல்லிவிடுங்கள். குட்டி யானை வண்டியில் பழைய மெத்தை போட்டால் இறக்கை பத்திரமாகப் போகும்.

நேரம், ஜனவரி முதல் மார்ச் வரை, விடிந்ததும். முற்பகலுக்கு மேல் கடல் காற்று உள்ளே வர ஆரம்பிக்கும். சின்ன வயதில் மாடியில் காத்தாடி விட்டவர்களுக்கு அது தோலிலேயே தெரியும்.

முதல் பறப்பு

முதல் நாள் பறக்க வேண்டாம். தரையில் ஓட்டித் திருப்புங்கள், ரேடியோ எவ்வளவு தூரம் எட்டுகிறது என்ற ரேஞ்ச் சோதனையை இன்ஜின் ஓடும்போதும் செய்யுங்கள், வீட்டுக்கு வந்து எல்லா ஸ்க்ரூவையும் பாருங்கள். இரண்டாம் நாள், விஷயம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். ஏலரான் சரியான பக்கம் அசைகிறதா என்று அவர் சத்தமாகச் சொல்லட்டும். காற்றுக்கு எதிரே நிறுத்தி, த்ராட்டிலை மெதுவாக ஏற்றுங்கள். வால் தானாக எழும், சற்று ரட்டர் கேட்கும். அவசரப்பட்டு எலிவேட்டரை இழுக்காதீர்கள், இந்த அளவு இறக்கை தன் நேரத்தில் தரையை விடும். மூன்று வட்டம், கையை எடுத்தாலும் நேராகப் போகும்படி ட்ரிம், ஐந்து நிமிடத்தில் இறக்கம். இறங்கும்போது கொஞ்சம் பவர் வைத்திருங்கள்.

இறங்கியவுடன் டேங்கை வடித்து, கார்புரேட்டரில் இருப்பதையும் ஓடவிட்டுத் தீர்த்து, மஃப்ளர் போல்ட்டுகளை இறுக்கிப் பாருங்கள். முதல் பறப்பில் அவை பெரும்பாலும் தளரும். என்னுடையதில் இரண்டில் ஒன்று கால் சுற்று தளர்ந்திருந்தது. போல்ட் தளராமல் பிடிக்கும் ப்ளூ லாக்டைட் ஒரு சொட்டு விட்டு, நோட்டில் தேதி போட்டு எழுதிவிட்டு இரண்டாவது முறை எரிபொருள் ஊற்றினேன்.